விளையாட முடியாத மட்டையை ஏன் பரிசாகக் கொடுக்கிறார்கள்?

வந்த கேள்வி இது: "என் கணவரோடு வேலை பார்க்கும் ஜப்பானியர் ஒருவர், எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்ததற்காக டிசம்பரில் ஒரு பரிசு அனுப்பினார். கைப்பிடி வைத்த மரப்பலகை. முன்பக்கம் பட்டுத்துணியில் புடைப்பாக ஒரு பெண் உருவம். தோளில் ஊதாப் பூங்கொத்து, தலையில் கறுப்புத் தொப்பி. பின்பக்கம் வெறும் பூக்கிளை ஓவியம். கூடவே இறகு செருகிய கறுப்புக் கொட்டை ஒன்று. இது என்ன? குழந்தை வளர்ந்ததும் இதை வைத்து விளையாடலாமா, சுவரில் மாட்டுவதுதானா?"

முதலில் சின்னப் பதில். இதை வைத்து ஆடக் கூடாது. ஒரே அடியில் அந்தப் பெண்ணின் பட்டுக் கன்னம் நசுங்கிவிடும். சுவரில் ஆணியடித்து மாட்டவும் வேண்டாம். நிற்க வைக்கச் சின்னத் தாங்கி ஒன்று பெரும்பாலும் கூடவே வரும், பெட்டியில் தேடிப் பாருங்கள். அதற்காக இது வெறும் அலங்காரப் பொருள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அனுப்பியவர் உங்கள் வரவேற்பறைக்கு அனுப்பவில்லை, உங்கள் பெண்ணுக்கு அனுப்பியிருக்கிறார். ஜப்பானில் பெண் குழந்தை பிறந்தபின் வரும் முதல் புத்தாண்டுக்கு, தாய்வழித் தாத்தா பாட்டியோ நெருங்கிய உறவினரோ வாங்கிக் கொடுப்பது இது. ஆண் குழந்தையென்றால் வில்லும் அம்பும். அலுவலக நண்பர் ஒருவர் இதைத் தேடி வாங்கி அனுப்பியிருக்கிறார் என்றால், கொஞ்சம் உறவு உரிமை எடுத்துக்கொண்டிருக்கிறார். நல்ல மனிதர்.

பொருளின் பெயர் ஹகோயிட்டா. ஹகோ என்றால் இறகு செருகிய பந்து, இட்டா என்றால் பலகை. அந்தப் பந்தைப் பலகையால் தட்டி ஆடும் ஆட்டம் ஹனெட்சுகி. இறகுப்பந்தாட்டம் போலத்தான், வலை மட்டும் கிடையாது.

எல்லோரும் பலகையைத்தான் பார்ப்பார்கள். ஆனால் இதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பெட்டி மூலையில் கிடக்கும் அந்தக் கறுப்புக் கொட்டையிலிருந்து தொடங்கவேண்டும். அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஏற்கெனவே பார்த்தது போல இருக்கிறதா? பூந்திக்கொட்டை. தங்க நகை கழுவவும் பட்டுப்புடவை அலசவும் ஊறவைப்போமே, அதே குடும்பம். ஜப்பானில் வளர்வதற்கு முகுரோஜி என்று பெயர். நம் ஊர் மரத்துக்கு ஒன்றுவிட்ட அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் சோப்பு வருவதற்கு முன் அதன் தோலைத்தான் நுரைக்குப் பயன்படுத்தினார்கள். நாம் தோலை எடுத்துக்கொண்டு உள்ளே இருக்கும் விதையைத் தூக்கிப் போட்டுவிடுவோம். அவர்கள் விதையையும் விடவில்லை. கோலிக்குண்டு போல உருண்டையாக, கருகருவென்று, உடைக்க முடியாத அளவுக்குக் கடினமாக இருக்கும் அந்த விதையில் துளைபோட்டு ஜபமாலை கோத்தார்கள். இறகு செருகிப் பந்தாக்கினார்கள். பலகையில் படும்போது 'கண்' என்று ஒரு சத்தம் வரும். பனி விழுந்த காலை வேளையில் அது தெருக்கோடிவரை கேட்கும்.

முகுரோஜி என்ற பெயரை எழுத மூன்று எழுத்துகள். முதல் எழுத்து 'இல்லை', இரண்டாவது 'நோய்', மூன்றாவது 'பிள்ளை'. நோயில்லாத பிள்ளை. சீன எழுத்தில் பெயர் எழுதும் நாட்டில் இந்த மாதிரிப் பொருத்தத்தை யாரும் சும்மா விடமாட்டார்கள். பெண் குழந்தைக்கான பரிசு என்ற எண்ணம் பாதி இந்த எழுத்திலேயே இருக்கிறது.

மீதிப் பாதி கொசுவில் இருக்கிறது. 1544-இல் எழுதி முடிக்கப்பட்ட ஜப்பானிய நூல் ஒன்று உண்டு. ஆண்டு முழுவதும் வரும் வழக்கங்களை 'இதை ஏன் செய்கிறோம்' என்று கேட்டுப் பதில் சொல்லும் நூல். அதில் குழந்தைகள் ஏன் இந்தப் பந்தைத் தட்டுகிறார்கள் என்ற கேள்வியும் வருகிறது. பதில்: கொசு கடிக்காமல் இருப்பதற்காக. விதைதான் தும்பியின் தலை, இறகுகள் அதன் சிறகு. பலகையால் மேலே தட்டிவிட்டால், கீழே இறங்கும்போது தும்பி சுற்றித் திரும்புவது போலவே இருக்கும். தும்பி கொசுவைப் பிடித்துத் தின்னும். ஆகவே கொசுவைப் பயமுறுத்த, தும்பி போன்ற ஒன்றைப் பறக்கவிடுகிறார்கள். கொசு எப்படி நோயைக் கொண்டுவருகிறது என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது. ஆனாலும் கோடையில் குழந்தைகளைக் காய்ச்சல் கொண்டுபோவதை அம்மாக்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்? கொசுவே இல்லாத நடுக்குளிரில், வரப்போகும் கோடைக்காக ஒரு பொம்மைத் தும்பியைத் தட்டுகிறார்கள். எனக்கு ஹகோயிட்டா பற்றிய எல்லாச் செய்திகளிலும் மிகப் பிடித்தது இதுதான்.

ஆட்டம் இன்னும் பழையது. 1432 ஜனவரி 5-ஆம் தேதி, அரண்மனையில் ஆண்கள் ஓர் அணி, பெண்கள் ஓர் அணி என்று பிரிந்து இதை ஆடினார்கள் என்று இளவரசர் சதாஃபுசா தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். தோற்ற அணி எல்லோருக்கும் அரிசி மது ஊற்றவேண்டும். அப்போது பந்துக்குப் பெயர் கொகி-நோ-கோ, பலகைக்குப் பெயர் கொகியிட்டா. அதற்கு முந்தைய வரலாறு கொஞ்சம் புகைமூட்டம். வளைந்த கோலால் மரப்பந்தைத் தட்டும் ஒரு பழைய அரண்மனை ஆட்டத்திலிருந்து வந்தது என்பார்கள் சிலர். சீனாவில் காலால் உதைத்து ஆடும் இறகுப்பந்திலிருந்து வந்தது என்பார்கள் வேறு சிலர். அதற்குள் போகவேண்டாம்.

ஆடும் முறை எளிது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று பந்தைக் கீழே விடாமல் மாறி மாறித் தட்டவேண்டும். ஒருவரே நின்று எத்தனை முறை தட்டமுடிகிறது என்று எண்ணுவதும் உண்டு. அதற்கென்றே எண்ணிப் பாடும் பாட்டுகள் இருந்தன. பந்தை விட்டவர் முகத்தில் தூரிகையால் கறுப்பு மை பூசுவார்கள். கன்னத்தில் ஒரு வட்டம், நெற்றியில் ஒரு பெருக்கல் குறி. பையன்கள் பட்டம் விடுவார்கள், பம்பரம் சுற்றுவார்கள். பெண் பிள்ளைகள் புது கிமோனோ உடுத்திக்கொண்டு தெருவில் இதை ஆடுவார்கள். ஓவியர் ஹிரோஷிகே 1857-இல் வரைந்த எடோ (இன்றைய டோக்கியோ) நகரக் காட்சி ஒன்றில், புத்தாண்டு வானத்தில் பட்டங்கள் பறக்கின்றன, தூரத்தில் ஃபூஜி மலை. படத்தின் ஓரத்தில் மட்டை மட்டும் எட்டிப்பார்க்கிறது, பந்து அந்தரத்தில் நிற்கிறது. ஆடும் பெண்கள் படத்துக்கு வெளியே. ஒரு மட்டையின் விளிம்பைக் காட்டினாலே போதும், பார்ப்பவருக்குப் புத்தாண்டு என்று புரிந்துவிடும் என்பது அந்த ஓவியருக்குத் தெரிந்திருக்கிறது.

இனி பலகைக்கு வருவோம். ஆடுவதற்கான மட்டை தேவதாரு வகை மரத்தில் செய்த வெறும் பலகைதான். வேண்டுமானால் நாலு கோடு வண்ணம். ஆனால் அரண்மனையிலும் பிரபுக்கள் வீட்டிலும் வெறும் பலகையைக் கையில் பிடிப்பார்களா? மெல்ல மெல்ல ஓவியம் ஏறியது. ஜனவரி நடுவில், புத்தாண்டு அலங்காரங்களை மூங்கிலோடு சேர்த்துக் குவித்துக் கொளுத்தும் சாகிச்சோ என்ற சடங்கு உண்டு. அந்தக் காட்சியை, பார்த்துக்கொண்டிருக்கும் பிரபுக்களோடும் அரண்மனைப் பெண்களோடும் சேர்த்துத் தங்க இலை ஒட்டிய பலகையில் வரைந்தார்கள். சாமுராய்க் குடும்பங்களிலும் பெண் குழந்தைக்கு இதையே பரிசாக அனுப்பினார்கள். கெட்டதை நெருப்பு எரிக்கும், மட்டை தட்டி விரட்டும் என்று இரட்டைக் காவல். இந்த வகை மட்டை அருங்காட்சியகத்தில் கிடைத்தால் நின்று பாருங்கள், கடையில் கிடைக்காது.

உங்களிடம் இருப்பது அந்த வகை அல்ல. அது வியாபாரிகளும் கைத்தொழிலாளிகளும் நாடகப் பைத்தியங்களும் வாழ்ந்த எடோ நகரத்தின் பிள்ளை. 1804 முதல் 1830 வரையிலான காலம். எடோவில் பாட்டும் ஆட்டமும் கலந்த கபுகி என்ற மேடை நாடகம் உச்சத்தில் இருக்கிறது. நடிகர் என்ன நிறத்தில் உடுத்துகிறாரோ அதுதான் அடுத்த மாதம் ஊர் உடுத்தும் நிறம். ஒஷியெ என்று ஒரு கைவேலை ஏற்கெனவே இருந்தது: கெட்டி அட்டையில் வெட்டிய துண்டின்மேல் பஞ்சு வைத்து, துணி போர்த்தி, துண்டுகளைச் சேர்த்துப் புடைப்புச் சித்திரம் ஆக்குவது. பெரிய வீட்டுப் பெண்கள் பொழுதுபோக்காகச் செய்துகொண்டிருந்த வேலை. யாரோ ஒருவருக்கு அதை மட்டையின்மேல் ஏற்றலாம் என்று தோன்றியிருக்கிறது, நடிகர் முகத்தோடு. அவ்வளவுதான், ஊர் பற்றிக்கொண்டது. வருடக் கடைசிச் சந்தையில் எந்த நடிகரின் மட்டை அதிகம் விற்றது என்பதை வைத்தே அவருடைய மவுசை எடைபோட்டார்கள்.

அந்த நொடியில்தான் மட்டை ஆட்டத்திலிருந்து விலகியது. முகம் ஏறிய பலகையால் பந்தை அடிக்க முடியாது. ஆனாலும் யாரும் வடிவத்தை மாற்றவில்லை. சட்டம் போட்ட படமாகச் செய்திருந்தால் பெரிதாக, வசதியாக இருந்திருக்கும். அப்படிச் செய்யாததற்குக் காரணம், விரட்டுகிற வேலை மட்டைக்குத்தான் உண்டு, படத்துக்கு இல்லை. ஹனெ என்ற சொல்லுக்கு இறகு என்று பொருள். ஹனெரு என்றால் துள்ளுவது, எற்றித் தள்ளுவது. வருகிற கேட்டை மட்டை எற்றித் தள்ளும் என்று கடைக்காரர் இன்றும் சொல்லித்தான் விற்பார். மேலே போகப் போக அகலும் அந்த வடிவத்தையும், வாழ்க்கை போகப் போக விரியும் என்பதற்கு அடையாளமாகச் சொல்வார்கள்.

இன்னொரு விஷயம், கேட்டு அதிர்ச்சி அடையவேண்டாம். உங்கள் பலகையில் இருக்கும் பெண் பெண்ணல்ல. 1629-இல் பெண்கள் மேடையேறக் கூடாது என்று அரசு தடைபோட்டபின், கபுகியில் பெண் வேடங்களை ஆண்களே கட்டினார்கள், இன்றும் அப்படித்தான். நம் நாடகக் கம்பெனி காலத்து ஸ்திரீபார்ட் போல. எடோ காலத்து மட்டைகளில் நடிகரின் நீண்ட மூக்கும் கண்ணும் அப்படியே இருக்கும்; பார்த்தவுடன் ஊர்க்காரர்கள் பெயர் சொல்லிவிடுவார்கள். பிற்காலத்தில் அந்தச் சாயல் கரைந்து, பொதுவான ஓர் அழகியின் முகம் வந்துவிட்டது. உங்களுடையது அநேகமாக இந்தப் பிற்கால வகை. ஆனால் அவள் அணிந்திருப்பது ஒரு நடிகர் மேடையில் அணிந்த உடை.

அவள் யார் என்றும் சொல்லிவிடலாம். கறுப்பு மெருகுத் தொப்பி, தோளில் ஊதாப் பூங்கொத்து: சந்தேகமே வேண்டாம், ஃபூஜி முசுமே. ஃபூஜி என்பது இங்கே மலையல்ல, விஸ்டீரியா என்ற கொடி. சரக்கொன்றையை ஊதா நிறத்தில் நினைத்துக்கொள்ளுங்கள், அதே மாதிரி சரம் சரமாகத் தொங்கும். முசுமே என்றால் பெண்.

இவளுடைய கதை தனிச் சுவை. கியோட்டோவுக்குப் பக்கத்தில் ஓட்சு என்று ஓர் ஊர். எடோவிலிருந்து வரும் டோக்காய்டோ நெடுஞ்சாலையில் கியோட்டோவுக்கு முந்தைய தங்கல். அங்கே பெயர் தெரியாத ஓவியர்கள் வழிப்போக்கருக்கு மலிவு விலையில் கோட்டுச் சித்திரங்கள் விற்றார்கள். ஆரம்பத்தில் சாமி படங்கள். அப்புறம் துறவி வேடம் போட்ட பிசாசு, பருந்து வைத்திருக்கும் இளைஞன், பூங்கொத்து ஏந்திய பெண். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பலன் உண்டு. பூங்கொத்துப் பெண் படத்தை வாங்கினால் நல்ல இடத்தில் கல்யாணம் அமையும். 1826-இல் எடோவின் நாடக அரங்கு ஒன்றில், இந்த ஓட்சு சித்திரங்களின் ஆட்கள் உயிர்பெற்று வந்து ஆடுவதாக ஒரு நடனம் போட்டார்கள். அதில் அவளும் இறங்கி வந்து ஆடினாள். மேடையிலிருந்து மட்டைக்கு ஏறினாள். தெருவோரத் தாள், நாடக மேடை, பட்டுப் பலகை என்று மூன்று வீடு மாறி, இப்போது உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். பெண் குழந்தைக்கு இவளைத் தேர்ந்தெடுப்பதற்குப் பின்னால் அந்தக் கல்யாண ராசியும் இருக்கிறது. உங்கள் நண்பர் அவ்வளவு தூரம் யோசித்திருப்பார் என்று சொல்லமுடியாது; கடையில் அதிகம் கிடைப்பதும் இவள்தான்.

வேறு மட்டைகளைப் பார்க்க நேர்ந்தால் அடையாளம் சொல்கிறேன். தோளில் கழி, இரு பக்கமும் வாளி தொங்கினால் கடல்நீர் மொள்ளும் பெண். கையில் சின்ன மேளமோ மணியோ இருந்தால் அநேகமாக தோஜோஜி நடனப் பெண். காதலனை விரட்டிக்கொண்டு போய்ப் பாம்பாக மாறி, கோயில் மணிக்குள் ஒளிந்தவனை எரித்தவள். அவளைப் போய்க் குழந்தைக்குக் கொடுக்கிறார்களே என்று எனக்குத் தோன்றும். அவர்களுக்குத் தோன்றுவதில்லை, நடனம் அழகானது. சிவப்பும் இளநீலமும் மாறி மாறி வரும் சணல் இலைக் கோலம் உடுத்தியிருந்தால் காய்கறிக்கடைக்காரர் மகள் ஒஷிச்சி. ஐந்தாம் இவாய் ஹன்ஷிரோ என்ற ஸ்திரீபார்ட் நடிகர் அந்த வேடத்துக்கு அந்தத் துணியை உடுத்தினார், அன்றிலிருந்து அது ஒஷிச்சியின் துணி. ஊதாத் தலைப்பட்டை கட்டிக் குடை பிடித்த ஆண் என்றால் கபுகி நாயகன் சுகேரோகு. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரம் போட்ட பிரம்மாண்டமான கைச்சட்டை, முகத்தில் சிவப்புக் கோடுகள் என்றால், டான்ஜூரோ என்ற கபுகி நடிகர் குடும்பத்துக்குச் சொந்தமான வீரன் வேடம்.

இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் பலகையை வேறு மாதிரிப் பார்ப்பீர்கள். முதலில் முழுப் படத்தையும் வரைந்து, அதைத் துண்டு துண்டாகப் பிரிப்பார்கள். கழுத்துப்பட்டையின் உள்மடிப்பு ஒரு துண்டு, வெளிமடிப்பு ஒரு துண்டு, விரல் தனி, கொண்டை தனி. ஒவ்வொன்றுக்கும் அட்டை வெட்டிப் பஞ்சு வைத்துத் துணி போர்த்தி, ஓரங்களைப் பின்னால் மடித்து, சூடுகாட்டிய சின்ன இஸ்திரிக் கோலால் அழுத்தி ஒட்டவேண்டும். பஞ்சு எங்கே கூட, எங்கே குறைய என்பதில்தான் கைவேலை தெரியும்; கூடிவிட்டால் தலையணை மாதிரி உப்பிவிடும், குறைந்தால் அட்டை மாதிரி தட்டையாகிவிடும். கிமோனோவுக்குச் சுருக்கப் பட்டும் சரிகைத் துணியும். முகத்துக்கு வழவழப்பான மெல்லிய வெண்பட்டு. அதன்மேல் சிப்பி ஓட்டை மாவாக்கிப் பசையில் குழைத்த கோஃபுன் என்ற வெள்ளை. தலைமயிர், கறுப்புச் சாயம் தோய்த்த பட்டிழை. கடைசியில் துண்டுகளைப் பின்பக்கமாகத் தாள் ஒட்டி ஒன்றாகச் சேர்த்து, பலகையில் பொருத்துவார்கள்.

முகம் எழுதுபவர் தனி ஆள். பலகை செய்பவர் வேறு, பின்பக்கத்துப் பூவை வரைபவர் வேறு. முகம் எழுதுவது ஒரு தலைமுறை வேலை என்பார்கள். ஒரு மயிரிழை தடிமன் கூடினால் இமை கோபமாகிவிடும். எல்லாவற்றையும் சரியாகச் செய்து, முகம் மட்டும் யாரோ அவசரத்தில் எழுதிய மட்டைகளைப் பார்த்திருக்கிறேன்; எவ்வளவு சரிகை இருந்தாலும் அதைத் திரும்பிப் பார்க்கத் தோன்றாது.

பலகைக்குப் பெரும்பாலும் கிரி மரம். கையில் எடுத்தால் காற்று போல இருக்கும், ஈரத்தில் சுலபமாக வளையாது. பெண் குழந்தை பிறந்தால் கிரிக் கன்று நட்டு, அவள் கல்யாணத்தின்போது வெட்டித் துணிப்பெட்டி செய்துகொடுக்கும் வழக்கம் அந்த ஊரில் இருந்தது. பின்பக்கத்தில் நீங்கள் பார்த்த பூக்கிளை உமே என்ற பிளம் பூ. புத்தாண்டுக்கு அது எப்படிப் பூக்கும் என்று கேட்பீர்கள். 1873-இல் ஜப்பான் ஆங்கில நாட்காட்டிக்கு மாறும்வரை புத்தாண்டு ஏறக்குறைய பிப்ரவரியில் வந்தது, பூவும் அதே சமயம் பூத்தது. நாட்காட்டி முன்னால் ஓடிவிட்டது. மட்டையின் முதுகில் பழைய புத்தாண்டு அப்படியே நிற்கிறது.

இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்கவேண்டுமானால் டிசம்பர் 17, 18, 19 தேதிகளில் டோக்கியோ அசாகுசாவில் சென்சோஜி கோயிலுக்குப் போகவேண்டும். ஒவ்வொரு மாதமும் 18-ஆம் தேதி, கருணையின் வடிவமான கன்னோன் போதிசத்துவருக்கு உரிய நாள். டிசம்பர் 18 அந்த வருடத்தின் கடைசி கன்னோன் நாள் என்பதால் கூட்டம் அதிகம். எடோ காலத்தில் அது புத்தாண்டுச் சாமான் சந்தை. வைக்கோல் கயிறு, பாத்திரம், மீன், படையல் தட்டு எல்லாம் விற்றது, அதில் மட்டையும் ஒன்று. 1842-இல் ஆடம்பரத்தை ஒழிக்கிறேன் என்று அரசு எடோவின் நாடக அரங்குகளை நகர நடுவிலிருந்து கிளப்பி அசாகுசாவின் ஓரத்துக்குத் தள்ளியது. ஒழிந்ததா? கோயிலும் சந்தையும் நாடகமும் கூப்பிடு தூரத்தில் வந்து சேர்ந்ததுதான் மிச்சம். காலப்போக்கில் மற்ற சாமான்களெல்லாம் கடைகளுக்குப் போய்விட, மட்டை மட்டும் சந்தையைச் சொந்தமாக்கிக்கொண்டது. இப்போது அதன் பெயரே மட்டைச் சந்தை.

நான் முதலில் போனது ஒரு 17-ஆம் தேதி மாலை. விளக்கு வெளிச்சத்தில் கூரைவரை அடுக்கிய முகங்கள், எல்லாம் நம்மையே பார்க்கும். உள்ளங்கை அளவு மட்டை சில ஆயிரம் யென். ஆள் உயரத்தில் பாதி வரும் பெரியது பல லட்சம் யென். பெரிய மட்டை ஒன்று விற்றால் கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வாங்கியவருக்காகத் தாளத்தோடு கைதட்டுவார்கள். நான் வாங்கியது உள்ளங்கை அளவு. எனக்கு யாரும் கைதட்டவில்லை, ஆனால் கடைக்காரப் பாட்டி முகத்தைத் தாளில் தனியாகச் சுற்றி, 'இதை மட்டும் தொடாதீர்கள்' என்று இரண்டு முறை சொன்னார்.

சந்தைக்கு வரும் மட்டைகளில் நிறைய, டோக்கியோவுக்கு வடக்கே சைத்தாமா மாநிலத்தில் கசுகாபேயில் செய்தவை. ஷின்சான் கார்ட்டூன் பார்த்த வீடுகளுக்கு அந்த ஊர் தெரியும், அந்தப் பொடியன் வசிக்கும் ஊர் அது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அசாகுசாவின் மட்டைக் கைவினைஞர்கள் அங்கே இடம்பெயர்ந்தார்கள். துணிப்பெட்டித் தொழில் நடந்த ஊர் என்பதால் கிரி மரத்துக்குப் பஞ்சமில்லை. 1945 மார்ச்சில் குண்டுவீச்சு அசாகுசாவையும் சென்சோஜியின் பெரிய மண்டபத்தையும் எரித்தது. மண்டபத்தை 1958-இல் மறுபடி கட்டிவிட்டார்கள். கைவினைஞர்களில் பலர் கசுகாபேயிலேயே தங்கிவிட்டார்கள். எடோ ஒஷியெ வேலையை 2019-இல் அரசு தேசிய அளவிலான மரபுக் கைவினையாக அறிவித்தது. ஆனால் தெருவில் ஹனெட்சுகி ஆடும் குழந்தைகளை இன்று தேடித்தான் பார்க்கவேண்டும். மழலையர் பள்ளிப் புத்தாண்டு விழாவில் ஒருநாள் ஆடுவார்கள்.

இது நாட்டார் கைவினையா என்று சிலர் இழுப்பார்கள். ஜப்பானில் 1925-இல் கலைச் சிந்தனையாளர் யனாகி சோயெட்சுவும் நண்பர்களும் மிங்கெய் என்று ஒரு சொல்லை உருவாக்கினார்கள். பெயர் தெரியாத கைகள் அன்றாட உபயோகத்துக்குச் செய்த, பகட்டில்லாத பொருள்களின் அழகு என்று அர்த்தம். அந்த அளவுகோலில் ஓட்சு சித்திரம் தேறும், கோடு போட்ட வெறும் மட்டை தேறும். சரிகை மின்னும் உங்கள் மட்டை தேறுவது கஷ்டம். அது பகட்டுதான், சினிமா நட்சத்திரத்தின் படம் போட்ட காலண்டர் மாதிரி, நகரத்துச் சாதாரண ஜனங்களின் பகட்டு. எனக்கு அதில் குறை எதுவும் தெரியவில்லை. அந்தக் குணம் இன்றும் போகவில்லை: ஒவ்வொரு டிசம்பரிலும் கியூகெட்சு என்ற பொம்மைக் கடை அந்த வருடம் பேசப்பட்ட விளையாட்டு வீரர்களையும் அரசியல்வாதிகளையும் மட்டையில் ஏற்றிப் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டும். கபுகி நடிகர் இருந்த இடத்தில் இப்போது பேஸ்பால் வீரர்.

சரி, உங்கள் மட்டை கைவேலையா, தொழிற்சாலை வேலையா? பூதக்கண்ணாடி தேவையில்லை. கழுத்துப் பக்கம் பாருங்கள், மடிப்புகள் உண்மையிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறதா, அல்லது மடிப்பு போல அச்சடித்த ஒரே துணியா? இமையின் கோடு நுனியில் மெலிந்து காணாமல் போகிறதா, அல்லது ஒரே தடிமனில் நிற்கிறதா? மலிவானதாக இருந்தாலும் வருத்தப்பட ஒன்றுமில்லை, காவல் காக்கும் வேலையை இரண்டும் ஒரே மாதிரிதான் செய்யும்.

பராமரிப்புதான் நம் ஊரில் சிக்கல். வெயில் நேராகப் படக்கூடாது, பட்டுச் சாயம் ஒரே கோடையில் வெளுத்துவிடும். முகத்தை விரலால் தொடவே கூடாது. கை எண்ணெய் அந்தச் சிப்பி வெள்ளையில் ஏறி, கொஞ்ச நாளில் மஞ்சளாகத் தெரியும், துடைத்தாலும் போகாது. தூசியை மென்மையான உலர்ந்த தூரிகையால் தட்டினால் போதும். அங்கே இதை டிசம்பர் நடுவில் வெளியே எடுத்துப் பார்வைக்கு வைத்து, ஜனவரி 15 வாக்கில் உள்ளே வைத்துவிடுவார்கள். நீங்களும் பொங்கலோடு உள்ளே வைத்துவிடுங்கள், கணக்கு சரியாக இருக்கும். காற்று உலர்ந்திருக்கும் நாளாகப் பார்த்து, முகத்தில் மெல்லிய தாளைச் சுற்றி, துணிப் பையில் போட்டுப் பெட்டியில் வையுங்கள். பூச்சிக்கு அந்துருண்டை போடுவதென்றால் அது துணியில் படாமல் ஓரமாக இருக்கட்டும். அந்துருண்டையையும் கற்பூரத்தையும் ஒரே பெட்டியில் போட்டுவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் உருகி ஒழுகும், பட்டில் கறை பிடிக்கும்.

கடைசியாக அந்தக் கறுப்புக் கொட்டை. அதை இன்றைக்கே எடுத்து உயரமான இடத்தில் வையுங்கள். நோயில்லாப் பிள்ளை என்று பெயர் இருந்தாலும், தவழும் குழந்தை வாயில் போட்டுத் தொண்டையில் சிக்கிக்கொள்ளும் அளவுதான் அது. பெண்ணுக்கு ஐந்து வயது ஆகட்டும். அப்போது சரிகையெல்லாம் இல்லாத வெறும் மரமட்டை இரண்டு வாங்குங்கள், அல்லது பக்கத்துத் தச்சரிடம் கைப்பிடியோடு இரண்டு பலகை அறுத்து வாங்குங்கள். கொட்டையைக் கொடுத்து ஆடச் சொல்லுங்கள். தோற்றவர் முகத்தில் மை பூசும் விதியை அவளிடம் முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். சொன்னால் முதல் ஆட்டத்திலிருந்தே உங்கள் கன்னத்தைக் குறிவைப்பாள்.